மூணாவது கூப்பாடு

எங்கள் கடை லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான். மார்ச் முடிந்தால் அதுவும் முடியும். ஏப்ரலில் கதவைத் திறக்கலாமா கூடாதா என்பது ஆப்காரி, அதாவது சாராய வரி ஆபீஸ்காரர்கள் சொல்ல வேண்டியது. அதனால் பொங்கல் கழிந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம்.

கடை தாராவியில், தோல் கம்பெனிகளுக்குப் போகிற பாதையில் இருந்தது. நாட்டுச் சாராயக் கடை. கள்ளக் கடை இல்லை. சர்க்கார் முத்திரை வைத்த பீப்பாய், சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ். அது இங்கிலீஷில் இருக்கும். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். என் வீட்டுக்காரர் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இதுதாம்ட்டி நான்" என்றார். துடைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் மெதுவாகத் துடைப்பேன்.

அவருக்கு ஒரு பழக்கம். சாராயத்தை அளந்து ஊற்றியதும் தகரக் குவளையைக் கிளாஸ் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். கடைசிச் சொட்டும் குடிக்கிறவனுக்குப் போய்விட வேண்டும். மற்றக் கடைகளில் அந்தச் சொட்டு குவளையிலேயே தங்கும். நாள் முழுக்கச் சேர்ந்தால் அது ஒரு ஆளுக்கு ஊற்றுகிற அளவு வரும். இவர் தட்டிவிடுவார். அதற்காகவே ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் நடந்து வருவார்கள்.

வருகிறவர்கள் பாதிக்குமேல் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர்கள். வாடகை அறையில் ஒரு ஷிப்டு ஆள் எழுந்தால் அடுத்த ஷிப்டு ஆள் அதே பாயில் படுப்பான். அந்த அறையை யாரும் வீடு என்று சொல்வதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு அது போதும். செத்தவனை எங்கிருந்து அனுப்புவது? எங்கள் கடை வாசலில் இருந்துதான் அனுப்புவார்கள்.

அதற்குக் கூப்பாடு என்று பெயர். ஊரில் இது கிடையாது. ஊரில் செத்தவன் ஊரிலேயே இருக்கிறான், அவனைக் கூப்பிட வேண்டியதில்லை. இங்கே செத்தவனுக்கு வழி தெரியாது. கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் சுண்ணாம்புத் தொட்டியைச் சுற்றிக்கொண்டே கிடப்பான். அதனால் அடக்கம் செய்த மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் வருவார்கள். செத்தவன் குடித்த கிளாஸை நிரப்பி வாசலில் வைப்போம். தெற்கே பார்த்து நிற்போம். கொட்டு முழங்கும். நெருங்கின ஆள் ஒருவர் அவன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லி, "எந்திச்சு ஊருக்குப் போலேய்!" என்று மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது முடிந்ததும் கிளாஸைக் கவிழ்த்துவிடுவோம். மண் குடித்துக்கொள்ளும். அவன் போய்விட்டான்.

ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கூப்பிடும்போது உயிரோடு இருக்கிற யாரும் பதில் சொல்லக் கூடாது. இருமக்கூட மாட்டார்கள். பதில் சொன்னால் போகிறவன் நின்றுவிடுவான். சொன்னவனோடேயே தங்கிவிடுவான்.

ஒருத்தன் பதில் சொல்லியிருக்கிறான். செத்தவன் பெயரும் அவன் பெயரும் ஒன்று. நல்ல போதை. கூப்பிட்டதும், "ஏம்லேய் கத்துதிய, இங்கனதான இருக்கேன்!" என்றான். சிரிப்பு அடக்க முடியாமல் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொட்டு அடிக்கிற பெரியவர் குச்சியாலேயே அவன் முதுகில் போட்டார். அடுத்த மாதம் அவன் கடைக்கு வந்தபோது செத்தவன் இருமிய மாதிரியே இருமினான். முதலில் இழுத்து, பிறகு கடைசியில் ஒரு விசில். அவன் கிளாஸை மட்டும் தனியே எடுத்து வைத்தோம்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம் வந்தது. பம்பாயில் குடியிருக்க அறை கிடைக்காது. மாட்டுங்காவில் இடம் கிடைக்காதவர்கள் தாராவி ஓரத்துக்கு வந்தார்கள். எங்கள் கடைக்கு எதிரே, தெற்குப் பக்கம், வரிசையாக ஒற்றை அறைகள் வைத்து ஒரு மாடிச் சால் கட்டினார்கள். ஆபீஸ் போகிற குடும்பங்கள் குடி வந்தன. நாங்கள் கூப்பிடத் திரும்பி நின்றால் நேரே அவர்கள் ஜன்னல்.

அந்தச் சாலில் இருந்து ஒருநாள் ஒரு குமாஸ்தா இறங்கி வந்தார். பாலக்காட்டுக்காரர், ரயில்வே ஆபீஸ். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைக்குள் காலை வைக்காமல் வாசலில் நின்றார்.

"ஒரு வார்த்தை பேசலாமா?"

"உள்ள வாங்க சாமி" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேண்டாம், வேண்டாம். இங்கேயே நிக்கறேன். ஆபீஸ்ல யாராவது பாத்தா என்னையும் உங்க கணக்குல சேத்துடுவா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார். "குடிக்கறதை நான் கேக்க வரல்லே. அது உங்க பிழைப்பு. பாடறா, சண்டை போடறா, அதையும் பொறுத்துண்டாச்சு. ஆனா செத்தவா பேரை எங்க ஜன்னலைப் பாத்துக் கத்தறேளே. என் ஆத்துக்காரி நிறைமாசம். ஒவ்வொரு பேரும் அவ மனசுல ஒட்டிண்டுடறது. நேத்திக்கு அடுப்படியில அவளே அந்தப் பேரைச் சொல்லிண்டிருக்கா. இதுக்கு முன்னாடி ரெண்டு குழந்தை எங்களுக்குத் தங்கல்லே. சொன்னாப் புரியறதா?"

என் வீட்டுக்காரர் குவளையைக் கீழே வைத்தார். "புரியுது சாமி."

கொட்டுக்காரப் பெரியவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். "அப்பம் வடக்கே பாத்துக் கூப்பிடவா? எங்காளு தில்லிக்கிலா போயிருவான்" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. குமாஸ்தா முகம் சுருங்கிவிட்டது. படி ஏறிப் போனார். அந்த வாரமே ஆப்காரி ஆபீஸுக்கு எழுதிப் போட்டார். சாலில் இருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர் மேல்தான் வந்தது.

ஆப்காரி இன்ஸ்பெக்டர் வந்தார். பீப்பாயைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். எல்லாம் சரி. "சத்தம்தான்" என்றார். "லைசென்ஸ் புதுப்பிக்கிற விசாரணை மார்ச் கடைசியில். அதுக்குள்ளே இன்னொரு புகார் வந்தா என்கிட்டே வராதே."

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னார். "லைசென்ஸ் வாற மட்டுக்கும் கூப்பாடு கெடையாது. கொட்டு கெடையாது. செத்தா செத்ததுதான்."

"அப்பம் ஏப்ரல் மட்டுக்கும் யாரும் சாவப்படாதுன்னு எமங்கிட்டயும் ஒரு மனுப் போடும் அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"போட்டாச்சு" என்றார் இவர். டக், டக் என்று தட்டினார்.

அந்தப் பிப்ரவரியில் யாரும் சாகவில்லை. மார்ச்சில் என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார்.

முதலில் குளிர் காய்ச்சல் என்றார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. சயான் பக்கத்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் பெரியவரிடம் பேசினார். எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் நான் ஊற்றிக் கொடுக்கிறதை அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஏட்டி, தட்டலியே நீ."

"தட்டுதேன்."

"கேக்கலியே."

தட்டுவேன். அதற்குப் பிறகு கண்ணை மூடுவார்.

ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கை சூடாக இருந்தது. "எனக்குக் கூப்பாடு வேண்டாம்" என்றார்.

"என்ன பேச்சு இது?"

"வெசாரணை இன்னும் முடியல. எனக்குன்னா நூறு பேரு வருவான். கொட்டு சும்மா இருக்குமா? லைசென்ஸ் போயிரும். நீ எங்கன போவ? ஊர்ல நமக்கு ஒரு சாணு மண்ணு கெடையாது."

"நீங்க எங்கன போவிய?" என்று கேட்டேன்.

அவர் தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்தார். "பாத்துக்கிடுதேன்" என்றார்.

எட்டாவது படித்த மனுஷர். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார். அதற்கு வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் வந்தார்கள். அவர் சொன்ன மாதிரிதான், பாதை அடைத்துக்கொண்டது. பெரியவர் கொட்டைத் தோளில் மாட்டியிருந்தார். தோல் கம்பெனி ஆட்கள் குளிக்காமல் அப்படியே வந்திருந்தார்கள். ஒருவன் அவருடைய கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்தான். எதிரே சால் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் தலை.

"வேண்டாம்" என்றேன்.

"மைனி..."

"அவுக வேண்டாம்னுட்டுப் போயிருக்காவ. கலைஞ்சு போங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, லைசென்ஸுக்கா தாலி கட்டிக்கிட்ட?"

கிளாஸை உள்ளே கொண்டுபோய் அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். வெளியே கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அத்தனை பேர் சத்தமில்லாமல் கலைந்து போனதை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

விசாரணைக்குப் பெரியவர்தான் துணைக்கு வந்தார். திட்டினாலும் வந்தார். எனக்கு இந்தி அரைகுறை, அவர் பம்பாய் இந்தியில் சண்டையே போடுவார். ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பார்சிக்காரர்கள், மராட்டியப் பண்டாரிச் சாதிக் கள்ளுக்கடைக்காரர்கள், எல்லோரும் வேட்டி கோட்டு போட்டு வந்திருந்தார்கள். பொம்பிளை நான் ஒருத்திதான். எதிர்ப் பெஞ்சில் குமாஸ்தா, குடையோடு.

சிவப்புப் பட்டை போட்ட பியூன் கதவருகே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். பெயரைச் சொல்லி, "ஹாஜிர் ஹோ!" என்று இழுப்பான். ஆஜராகு என்று அர்த்தம். மூன்று தடவை. மூன்றாவது தடவைக்குள் ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி. எங்கள் கண் முன்னால் ஒரு மனுவை அப்படித் தள்ளிவிட்டார்கள். அந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்து அழுதான். ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் மனு பிப்ரவரியில் கொடுத்தது. அதில் இருந்தது என் வீட்டுக்காரர் பெயர். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

பியூன் அவர் பெயரைக் கூப்பிட்டான்.

அவர் அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு, முழுசாகக் கூப்பிட்டான். நீளமான வராந்தா. சத்தம் போய்ச் சுவரில் இடித்துத் திரும்பியது. நான் பெஞ்சை விட்டு எழுந்தேன். பெரியவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பேசாத" என்றார். காதோடு காதாக. "பேசிராத தாயி. கூப்பாடு ஆவுது. அவன் போறான்."

பியூன் நின்ற திசையைப் பார்த்தேன். வெயில் அவன் இடது கன்னத்தில் விழுந்தது. காலை வெயில். அவன் தெற்கே பார்த்து நின்றான்.

இரண்டாவது தடவை கூப்பிட்டான்.

யாரும் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று நான் விரட்டினேன். சர்க்கார் கூப்பிடுகிறது. இன்னும் ஒன்று. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். லைசென்ஸ் போய்விடும். பேசினால் லைசென்ஸ் இருக்கும்.

"நீ எங்கன போவ?" என்று அவர் கேட்டது நினைவு வந்தது. அதற்குத்தான் அவர் போகாமல் கிடந்தார்.

பியூன் மூன்றாவது தடவைக்கு மூச்சு இழுத்தான். பெயரைச் சொல்லி முடிக்கவில்லை.

"ஹாஜிர்" என்றேன்.

பெரியவர் என் கையை விட்டுவிட்டார். நெருப்பைத் தொட்ட மாதிரி விட்டார்.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. குமாஸ்தாவைக் கேட்டார்கள். அவர் எழுந்து என்னைப் பார்க்காமல் பேசினார். வீட்டில் சாவு விழுந்தும் சத்தமே இல்லை, எங்களுக்கு இப்போது புகார் ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னாராம். பெரியவர்தான் யாரிடமோ கேட்டுச் சொன்னார். வாரிசு என்று என் கைநாட்டை வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியும் என்றேன். மை தடவியாகிவிட்டது, பரவாயில்லை என்றார்கள்.

ஏப்ரல் முதல் தேதி கடை திறந்தேன். புது லைசென்ஸில் என் பெயர். எந்த இடத்தில் என்று யாரும் விரலை வைத்துக் காட்டவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கூட்டம் இல்லை. பின்னறையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் டக், டக் என்றது.

எழுந்துபோய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. குவளை வைத்த இடத்தில் இருந்தது. விளிம்பில் ஒரு சொட்டு.

பிறகு அது பழகிவிட்டது. கடையில் ஆள் இருந்தால் கேட்காது. கடை ஓய்ந்தால் கேட்கும். பெரியவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. கொட்டை என் கடைக்குள் கொண்டுவருவதில்லை. லைசென்ஸ் கிடைத்த பிறகும் கூப்பாட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "ஒரு ஆளு நிக்குத வாசல்ல இன்னொருத்தன அனுப்ப முடியாது" என்றார் பெரியவர்.

குமாஸ்தாவுக்கு அதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. தங்கியது. அடுத்த ஹோலிக்கு, கடையை அடைக்கச் சொல்லியிருந்த நாளில், அவர் இறங்கி வந்தார். இந்தத் தடவை படி மேலேயே ஏறிவிட்டார்.

"கடை அடைச்சிருக்கா?"

"பாக்கியேளே சாமி. பூட்டுப் போட்டிருக்கு."

"உள்ளே யாரு?"

"யாருமில்ல."

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் ரெண்டு தட்டு. நீங்க கடை அடைக்கற நாள் எல்லாம் எங்க ஜன்னல்லே கேக்கறது."

நான் பூட்டை இழுத்துக் காட்டினேன்.

"எழுதிப் போடணும்னுதான் உக்காந்தேன்" என்றார். "என்னன்னு எழுதறது? பூட்டின கடையிலே சத்தம்னா?"

"கொழந்தைக்குத் தொந்தரவா சாமி?"

"அதான் வேடிக்கை. அது கேட்டா அவ தூங்கிடறா."

வருஷா வருஷம் விசாரணைக்குப் போனேன். பியூன் என் பெயரைக் கூப்பிடுவான். முதல் தடவையிலேயே ஹாஜிர் என்றுவிடுவேன். புகார் எதுவும் வரவில்லை. தாராவியிலேயே சத்தமில்லாத சாராயக் கடை என்று இன்ஸ்பெக்டர் மற்றக் கடைக்காரர்களுக்கு என்னைக் காட்டுவார்.

நாடு சுதந்திரம் ஆனது. மதுவிலக்கு வரப்போகிறது என்றார்கள். கடை அடைக்க வேண்டிய நாட்களை முதலில் கூட்டினார்கள். வாரத்தில் திறக்கிற நாளைவிட அடைக்கிற நாள் அதிகமானது. தட்டுகிற சத்தமும் அதிகமானது. கடைசியில் ஒரு மார்ச்சில் விசாரணையே இல்லை. இனி யாருக்கும் புதுப்பிக்க மாட்டோம், லைசென்ஸைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டார்கள்.

லைசென்ஸைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பெரியவர் வாசலில் இருந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். பக்கத்தில் கொட்டு. அத்தனை வருஷம் கழித்து அதை என் கடை முன்னால் பார்த்தேன்.

"இனி உன்கிட்ட புடுங்கிக்கிட ஒண்ணுமில்ல" என்றார். "பதில் சொன்னவதான் அனுப்பணும். வேற ஆளு கூப்பிட்டா போவ மாட்டான். கூப்பிடு. நானும் கொட்ட எறக்கி வைக்கணும்."

விளக்கு வைக்கிற நேரம். பழைய ஆட்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். அலமாரியில் நிமிர்ந்தே இருந்த கிளாஸை எடுத்தேன். பீப்பாய் அடியில் மிச்சம் இருந்ததை ஊற்றினேன். குவளையை நான் தட்டவில்லை. வாசலில் வைத்துத் தெற்கே பார்த்தேன். எதிர் ஜன்னலில் குமாஸ்தா, அவர் மனைவி, நடுவில் அந்தப் பெண் குழந்தை. ஜன்னலைச் சாத்தவில்லை.

பெரியவர் கொட்டினார்.

என் வீட்டுக்காரர் பெயரை நான் அதுவரை வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டோம். அன்றைக்குச் சொன்னேன். ஊர்ப் பெயரையும் சொன்னேன். எந்திச்சு ஊருக்குப் போங்க என்றேன். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடவை சொன்னேன். பின்னால் கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை சுத்தமாக ஒரு சத்தமும் இல்லை. இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தது.

பெரியவர் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். நான் கிளாஸைப் பார்த்தேன். கொசு ஒன்று அதில் விழுந்து சுற்றிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்துப் போட்டேன். பிறகு கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கீழே விழாமல், உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது குமாஸ்தா வந்தார். செம்பூர் பக்கம் ஒரு வீட்டில் எனக்குச் சமையல் வேலைக்குச் சொல்லியிருந்தார், அந்த விலாசத்தைக் கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டும் போகவில்லை.

"நேத்திக்கு ஜன்னல்லேர்ந்து கேட்டுண்டிருந்தேன்" என்றார். "மூணாவது வரல்லையே."

"தொண்டை கட்டிருச்சு சாமி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கடைக்குள் எட்டிப் பார்த்தார். பீப்பாய் போய்விட்டது, பலகை போய்விட்டது. குவளை மட்டும் என் மூட்டைக்கு மேல் இருந்தது.

"அதை எடுத்துண்டு போறேளா?"

"ஆமா."

"குழந்தை தூங்க மாட்டாளே" என்றார்.